பழைய பெரிய மரக்குற்றியைப் பலகையாக அரிந்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கிரான்குளத்து ஓடாவி (தச்சர்):
சங்கிலி வாளும் அதை நேராக ஓட்டும் சட்டகமும் இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விடயத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வாய்க்கால் ஓரம் நின்ற மருது. வெள்ளத்தில் வேர் கழன்று சாய்ந்துவிட்டது. இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன். வீட்டுக்காரர் மேசைக்கு அகலப் பலகை கேட்டார், இரண்டு அங்குலக் கனம். மேல் பலகைகள் சுத்தமாக வந்தன. நடு வைரத்துக்கு, அதாவது மரத்தின் கடினமான உட்பகுதிக்குக் கிட்டப் போகும்போது வாள் அலறியது, தீப்பொறி பறந்தது. நிறுத்திப் பலகையைப் புரட்டினால் கட்டைவிரல் நகம் அளவில் ஓர் இரும்புத் துண்டு. அதிலிருந்து இரண்டு பக்கமும் இழையோடு நீண்டு, முழங்கை நீளத்துக்கு நீலக்கருப்பாக ஒரு கறை. பட்டையில் ஒரு தழும்புகூட இருக்கவில்லை. மரம் காயத்தை மூடி அதன்மேல் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

வீட்டுக்காரரின் தாயார் வந்து அந்தக் கறையின்மேல் விரலை வைத்தார். “இது தொண்ணூறில், சண்டை நடந்தபோது விழுந்தது” என்றார். “பிடுங்கி எடுக்கட்டுமா அம்மா, அப்படியே விடட்டுமா?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டுமா என்பது இன்றும் மனதைக் குடைகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

அக்கரைப்பற்று மரக்காலை:
தம்பி, மரம் அரிந்து விற்கும் எங்கள் மரக்காலையில் சண்டை நடந்த பக்கத்து மரம் என்றால் வாப்பா காலத்திலிருந்தே பெரிய பட்டி வாளில் ஏற்றுவதில்லை. காரணம் ஒன்றுதான். ஒரு புளியங்குற்றிக்குள் இருந்த சன்னத்தில் (துப்பாக்கிக் குண்டில்) பட்டு வாள் பட்டி அறுந்தது. அறுந்த துண்டு சுவர்ப் பலகையில் ஆள் கழுத்து உயரத்தில் குத்தி நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. பலகை பிடிக்கும் பையன் தண்ணீர் குடிக்க அப்போதுதான் நகர்ந்திருந்தான். அந்தத் துண்டு அதிர்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் பட்டையை முழுதாகச் சீவி எடுங்கள். பட்டைக்குள் இருக்கும் மணலும் கல்லும்கூட வாளின் கூரைத் தின்றுவிடும். பிறகு இரண்டு வெட்டு முகத்தையும் கழுவிப் பாருங்கள். மருது மாதிரித் துவர்ப்புள்ள மரத்தில் இரும்பு இருந்தால் கறை இழையோடு ஓடி வெட்டு முகத்திலேயே கருப்புப் புள்ளியாகத் தெரியக்கூடும். உலோகம் காட்டும் கைக்கருவி வாங்கினால் நல்லதுதான், ஆனால் சிறியவை ஆழத்தில் கிடப்பதைப் பிடிக்காது. ஒவ்வொரு பலகை எடுத்த பிறகும் மீண்டும் தடவிப் பார்க்க வேண்டும். வேலியோர மரம் என்றால் அடியிலிருந்து ஆள் உயரம் வரை ஆணியும் முள்ளுக்கம்பியும் நிச்சயம் இருக்கும். அந்தப் பகுதியைத் தனியாக வெட்டி வையுங்கள். இப்படிச் சந்தேகமான குற்றிக்குச் சங்கிலி வாள்தான் சரி. சங்கிலியின் பல் மழுங்கினால் அரத்தால் தீட்டிக்கொள்ளலாம்.

வெல்லாவெளிப் பிள்ளை:
அக்கரைப்பற்று அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “சண்டை நடந்த பக்கம்” என்று ஒதுக்கினால் எங்கள் மாவட்டத்தில் எந்தக் கிராமத்து மரத்தை அரிவது? எங்கள் பகுதிக் குற்றி என்றாலே பாதி விலைக்குக் கேட்கிறார்கள். இரும்பே இல்லாத குற்றிக்கும் அதே விலை. இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

என் அனுபவம் பாலை மரத்தில். 1978 நவம்பர் சூறாவளியில் விழுந்த மரம், எங்கள் வாடியில் இருக்கையாகக் கிடந்தது. வைரத்தைச் சுற்றியிருந்த வெளிறு முழுவதும் கறையான் தின்று உதிர்ந்துபோனது, வைரம் அப்படியே கிடந்தது. தண்ணீரில் போட்டால் தாழும் மரம் அல்லவா? வாளை வைத்தால் சீவலாக வராமல் சிவந்த மாவாக வருகிறது, கூடவே புகை. பாதித் தூரம் போனதும் குற்றி தன் பாட்டில் வாயை மூடி வாளைக் கவ்விக்கொண்டது. இயந்திரம் நின்றுவிட்டது. மாமா கருங்காலி ஆப்பு ஒன்றை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். உள்ளிருந்து வெடி மாதிரி ஒரு சத்தம். நாய்கள் குலைத்தன, குளத்தடியில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். குற்றி பிளந்ததோ என்று நினைத்தோம். ஒரு கீறலும் இல்லை, இத்தனை காலம் உள்ளே அடங்கிக் கிடந்த இறுக்கம் விட்டிருக்கிறது. அந்த ஆப்பை மாமா இன்னும் வைத்திருக்கிறார்.

திருக்கோவில் வாசி:
முதிரை மரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே? என் கணவர் ஓடாவி. பழைய வீட்டு உத்தரத்துக்கென்று எடுத்து வைத்துப் பயன்படாமல் போன பெரிய முதிரைக் குற்றியை அரிந்தார். முதல் பலகையில் தண்ணீர் தெளித்ததும் மஞ்சள் பட்டு விரித்தது போல அலை அலையாக மின்னியது. அக்கம்பக்கமெல்லாம் கூடி நின்று பார்த்தார்கள். மறுநாள் விடியும்போது அவருக்குக் கண் திறக்க முடியாத வீக்கம், கழுத்தெல்லாம் தடிப்பு. மரத்தூள் படிந்த அவருடைய சாரத்தைத் துவைத்த என் கைகளும் மணிக்கட்டு வரை சிவந்து அரிப்பெடுத்தன. மரத்தைத் தொடவே இல்லை நான்! மூக்குக்குத் துணி கட்டினால் போதும் என்கிறார்கள், போதாது. முழுக்கைச் சட்டை வேண்டும், வேலை முடிந்ததும் குளிக்க வேண்டும், அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

மண்டூர் வயல்காரன்:
எல்லோரும் அரிவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். என்னிடம் கதை சிறியது. பாட்டனார் நட்ட பலாவில் எடுத்த நல்ல பலகை, கச்சான் என்னும் வறண்ட காற்று வீசிய ஒரே வாரத்தில் முனையிலிருந்து நடு வரை வெடித்தது. நள்ளிரவில் அது வெடித்த சத்தத்தில் அம்மா எழுந்து விளக்கைப் போட்டார்.

வெட்டிய அன்றே இரண்டு முனைகளுக்கும் மெழுகோ பழைய பெயின்ரோ தடித்துப் பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும். மரத்தின் நட்டநடுப் பகுதியான குருத்து வரும் பலகையைக் குருத்தோடு வைத்திருக்காதீர்கள், அதை நீளவாக்கில் அரிந்து எடுத்துவிடுங்கள். அடுக்கும்போது இடையில் வைக்கும் குச்சிகள் ஒரே கனமாக, ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை அலையடிக்கும். மேலே பாரம் ஏற்றுங்கள். கூரை வேண்டும், ஆனால் தகரக் கொட்டிலை நான்கு பக்கமும் அடைத்து வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மட்டும் காற்று வரும் பக்கம் சாக்குக் கட்டுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று பெரியவர்கள் சொல்லும் கணக்கு வெறும் கணக்குத்தான். பாலைக்கும் முதிரைக்கும் அதற்கு மேலும் பொறுக்க வேண்டும். பலா என்றால் தறிக்கும் முன்பே பிரதேச செயலகத்தில் அனுமதி எடுங்கள். முதிரையை அனுமதிப் பத்திரம் இல்லாமல் வீதியில் ஏற்றவே கூடாது.

கிரான்குளத்துத் தம்பி, உங்கள் மருதுக்கு ஒன்று. இரும்பை எடுத்தாலும் கறை போகாது, சீவினாலும் அடியில் தொடரும். அந்தத் தாயாரிடம் மீண்டும் கேட்க வேண்டாம். மகனிடம் பேசி, அந்தப் பலகையை மேசைக்குப் போடாமல் தனியாக எடுத்து வையுங்கள். முனைகளுக்கு மறக்காமல் மெழுகு பூசிவிடுங்கள்.