ஜொங்பு, ஜொங்குவொன், குவொல்லியொக்: கொரிய அரசியல் செய்திகளில் எது எதைக் குறிக்கிறது?

கேள்வி:
அன்றாடக் கொரிய மொழி ஓரளவு புரிகிறது. அரசியல் செய்திகளில்தான் தடுமாறுகிறேன். தலைப்பில் உள்ள மூன்று சொற்களுக்கும் அகராதி அரசு, ஆட்சி, அதிகாரம் என்று மாற்றி மாற்றிப் பொருள் தருகிறது. 2024 டிசம்பரில் தென்கொரிய அதிபர் இராணுவச் சட்டம் அறிவித்ததால் எழுந்த நெருக்கடி பற்றிய கட்டுரைகளில் குவொன்ஹான் என்று நான்காவதாக ஒன்றும் வருகிறது. இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1:
தென்கொரிய அரசமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். இறையாண்மை மக்களிடம் உள்ளது, எல்லா அதிகாரமும் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்று அதன் முதல் பிரிவு கூறுகிறது. இறையாண்மை அங்கே ஜுகுவொன், அதிகாரம் குவொல்லியொக். இரண்டிலும் உள்ள 'குவொன்' (குவொல்லியொக்கில் அது 'குவொல்' என ஒலிக்கிறது) அதிகாரத்தையும் உரிமையையும் குறிக்கும் ஒரே சீன எழுத்திலிருந்து வந்தது. 40ஆம் பிரிவு சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும், 66ஆம் பிரிவு நிர்வாக அதிகாரத்தை அதிபரின் தலைமையிலான ஜொங்புவுக்கும், 101ஆம் பிரிவு நீதி அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கும் அளிக்கின்றன. ஆகவே அச்சட்டத்தின் இப்பகுதியில் ஜொங்பு என்பது நிர்வாகத் துறை மட்டுமே. நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் சேர்ந்த முழு அரசைச் சொல்ல குக்கா என்ற சொல் உண்டு. இந்த நான்கு பிரிவுகளையும் கொரிய மூலத்திலேயே படிப்பது எந்த அகராதியையும்விடப் பயன்தரும் என்பது என் கருத்து.

பதில் 2:
ஜொங்குவொன் நம் 'ஆட்சி'க்கு மிக நெருக்கமானது. நாம் ஆட்சி மாற்றம் என்பதை அவர்கள் ஜொங்குவொன் கியொச்செ என்கிறார்கள். 1997 டிசம்பர் அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் கிம் தே-ஜுங் வென்றபோதுதான் ஆட்சி வாக்குச்சீட்டின் வழியே முதன்முறையாக எதிர்க்கட்சியின் கைக்கு வந்தது என்பதால், அச்சொல்லுக்கு அங்கே தனிக் கனம் உண்டு. ஆனால் அவருடைய நிர்வாகம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'மக்களின் ஜொங்பு'. பதவியில் இருப்பவர்கள் தங்களை ஜொங்பு என்றே சொல்லிக்கொள்வார்கள். எதிர்த்து நிற்பவர்கள் அதே தலைவரின் பெயரோடு ஜொங்குவொன் என்பதைச் சேர்க்கும்போது பெரும்பாலும் கண்டனத் தொனி கலந்திருக்கும். எழுதுபவர் எந்தப் பக்கம் என்பதைப் பல நேரம் இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பதில் 3:
குவொன்ஹான் என்பது ஒரு பதவிக்குச் சட்டம் வரையறுத்துத் தரும் அதிகாரம். 2024 டிசம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தின் 300 உறுப்பினர்களில் 204 பேர் ஆதரித்து அப்போதைய அதிபர் யூன் சொக்-யோல் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியதும், அவருடைய குவொன்ஹான் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் 2025 ஏப்ரல் 4 அன்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை பதவி அவரிடமே இருந்தது. இடைக்காலத்தில் பொறுப்பேற்ற பிரதமர் ஹான் டக்-சூவைச் செய்திகள் 'குவொன்ஹான் தெஹெங்' என்று குறிப்பிட்டன. அதிகாரங்களைப் பதிலாகச் செலுத்துபவர் என்பது அதன் பொருள். டிசம்பர் 27 அன்று அவர் மீதும் அத்தகைய தீர்மானம் நிறைவேறியபோது, துணைப் பிரதமர் சோய் சாங்-மோக்கின் பெயரோடு அதே தொடர் சேர்ந்துகொண்டது.