ஒரு கால் மட்டும் ஏறிய மேசை

மின்மோட்டாரில் ஏறி இறங்கும் மேசையை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். சென்ற வாரம் மேலேற்றும் பொத்தானை அழுத்தியதும் வலது கால் கிளம்பியது. இடது கால் அசையவில்லை. பென்சில் இடப்பக்கம் உருண்டு விழுந்தபோதுதான் விரலை எடுத்தேன். மேசையின் உயரத்தைக் காட்டும் சிறு திரையில் உயரம் இல்லை, பிழை எண் மட்டும் மின்னியது.

முதலில் ரீசெட் செய்தேன். மேசை அடிமட்டத்துக்கு வரும்வரை இறக்கி, பொத்தானை விட்டு, மறுபடி பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மேசை சற்று அமுங்கி லேசாக எழும். (அப்போது அடியில் கையோ காலோ இருக்கவே கூடாது.) ஒவ்வொரு காலுக்கும் தனி மோட்டார்; அது சுற்றுவதை உணரி எண்ணிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. இரண்டு கால்களின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி நிறுத்திவிடும். ரீசெட் அந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது.

எனக்கு அது பலிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரு கால்களின் கேபிள்களையும் பெட்டியில் இடம் மாற்றிச் செருகினேன். கோளாறு வலது காலுக்குத் தாவினால் பெட்டியில் பழுது. இடது காலிலேயே நின்றால் மோட்டாரிலோ கேபிளிலோ பழுது. இடது காலிலேயே நின்றது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன்: மோட்டாரருகே இணைப்பி பாதி கழன்றிருந்தது, உள்ளே ஒரு பின் வளைந்திருந்தது. மேசைக்கடியில் நான் மாட்டியிருந்த பையின் வார் அந்தக் கேபிளைச் சுற்றிக்கொண்டு, நாள்தோறும் இழுத்திருக்கிறது. சிறு இடுக்கியால் பின்னை நிமிர்த்திச் செருகி, ரீசெட் செய்தேன். இரு கால்களும் சேர்ந்து எழுந்தன. புது மோட்டார் வாங்கத் தயாராக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

*

மேலே எழுதியவரைப் போல எனக்கும் கேபிள்தான், ஆனால் வேறு விதம். பாதி உயரம் போனதும் மேசை தானாக நின்று, சில சென்டிமீட்டர் கீழே வந்துவிடும். எதிலாவது மோதினால் பின்வாங்குவதற்கான பாதுகாப்பு அது. சுற்றிலும் தேடினேன், மோத எதுவும் இல்லை. பிறகு தரையில் உட்கார்ந்து ஏற்றிப் பார்த்தேன். கணினித் திரையின் மின்கம்பி சுவர்ப் பிளக் வரை வில்நாண்போல விறைத்து நின்றது. அதை மேசையோடு கட்டிய நீட்சிப் பெட்டியில் செருகி, அங்கிருந்து சுவருக்குப் போகும் ஒரே கம்பியைத் தாராளமாகத் தொங்கவிட்டேன். அத்தோடு சரியாகிவிட்டது.

*

மேலே எழுதிய இருவரைப் போலன்றி, என் மேசை ஏழெட்டு முறை தொடர்ந்து ஏற்றி இறக்கியதும் அடியோடு நின்றுவிட்டது. அடியில் ஒட்டியிருந்த தாளில் இரண்டு நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு என்று இருந்தது. மோட்டார் சூடேறியிருக்கிறது. அரை மணி நேரம் தொடாமல் விட்டேன், எழுந்துகொண்டது.