கண்டெய்னர் படங்கள்: வேகமான டிஸ்க் வாங்கினால் தீருமா?

திருவொற்றியூர் யார்டு:
எங்கள் யார்டு எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி இருக்கிறது. கேட்டில் நுழையும் ஒவ்வொரு கண்டெய்னரையும் படம் எடுத்து, சீல் எண்ணோடு சேமிக்கிறோம். அலுவலக சர்வரில் இருந்ததைக் கிளவுடுக்கு மாற்றி, அதே என்எஃப்எஸ் பகிர்வை (சர்வரின் கோப்புறையை வலைவழியே சொந்தக் கோப்புறைபோலத் திறக்கும் முறை) எல்லாக் கணினிகளிலும் இணைத்தோம். இப்போது கோப்புறையின் பட்டியல் வருவதற்குள் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். கேட்டில் எடுத்த படம் சர்வே மேசையில் அரை நிமிடம் கழித்தே தெரிகிறது. வேகமான டிஸ்க் வாங்கலாமா?

ராயபுரம் பழைய கை:
தம்பி, டிஸ்கில் பணத்தைக் கொட்டாதீர்கள். நேரம் போவது வழியில். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தபோது, சர்வரும் கணினிகளும் பெரும்பாலும் ஒரே கட்டடத்து வலையில் இருந்தன. பெயரைத் தேடு, அளவைச் சொல், நேரத்தைச் சொல் என்று எத்தனை கேள்வி போனாலும் பதில் உடனே வந்தது. கிளவுடில் ஒவ்வொரு கேள்விக்கும் தாமதம் கூடுகிறது. லட்சக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் அது மலையாகிவிடும்.

அரை நிமிடத் தாமதம் கோளாறே இல்லை. லினக்ஸில் கோப்புறை விவரங்கள் இயல்பாக 30 முதல் 60 விநாடி வரை கேஷில், அதாவது கணினி தன்னிடமே வைத்துக்கொள்ளும் நகலில், இருக்கும்; அதுவரை புதிய படம் தெரியாமல் போகலாம். அந்த நேரத்தைக் குறைத்தால் சர்வருக்குப் போகும் கேள்விகள் பெருகும்.

உங்கள் படத்தை எடுத்தபின் யாரும் திருத்துவதில்லை. திருத்தவும் கூடாது, சேதத் தகராறில் அதுதான் சாட்சி. அப்படியிருக்க அதற்குக் கோப்பு முறைமை எதற்கு? அமேசானின் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் சேமிப்பில் வையுங்கள். அங்கே ஒவ்வொரு படமும் ஒரு பெயரின் கீழ் முழுப் பொருளாக இருக்கும், நடுவில் திருத்த முடியாது. கண்டெய்னர் எண், நேரம், படத்தின் பெயர் மூன்றையும் டேட்டாபேஸில் எழுதுங்கள். தேடல் அங்கே நடக்கட்டும். 2020 டிசம்பர் முதல் எஸ்3இல் எழுதி முடித்த மறுகணமே எல்லோருக்கும் புதியது தெரிகிறது.

மணலி நெட்வொர்க்:
அண்ணா, என்எஃப்எஸ் 4.1 பதிப்பில் உள்ள பிஎன்எஃப்எஸ் வசதி உதவாதா?

ராயபுரம் பழைய கை:
பெரிய கோப்புகளுக்கு நிச்சயம் உதவும். தரவைப் பல சர்வர்களிலிருந்து நேரே இழுக்கலாம். பெயரும் விவரமும் மட்டும் மெட்டாடேட்டா சர்வரிடமே கேட்க வேண்டும். இவர்கள் மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்.

திருவொற்றியூர் யார்டு:
எங்கள் நிரல் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றுகிறது. அது என்னவாகும்?

ராயபுரம் பழைய கை:
அந்தப் படியையே எடுத்துவிடுங்கள். சாதாரண எஸ்3 பக்கெட்டில் (கோப்புகளைப் போட்டுவைக்கும் தொட்டி) பெயர்மாற்றம் என்றால் நகலெடுத்துப் பழையதை அழிப்பதுதான். முழுதாக ஏறாத படம் அங்கே யாருக்கும் தெரியாது, எனவே இறுதிப் பெயரிலேயே ஏற்றலாம். படம் ஏறியபின் டேட்டாபேஸில் எழுதுங்கள், முன்னால் வேண்டாம். கணக்கு மென்பொருள் கோப்பின் நடுவில் திருத்துகிறது என்றால், அதை மட்டும் என்எஃப்எஸ்ஸிலேயே விட்டுவையுங்கள்.