மரபணு முறைவைப்பு: தைலேரியாவின் பருவமாற்றத்துக்கு ஒரு கலைச்சொல்

மதுரையைச் சுற்றிக் கலப்பினக் கறவை மாடு வளர்ப்போருக்காக, உண்ணி வழியாக மாடுகளுக்கு நோய் தரும் தைலேரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியைப் பற்றித் தமிழில் எழுத முனைவோர், அது ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குச் செல்கையில் தன் மரபணுக்களை எவ்வாறு இயக்குகிறது என்று விளக்கும் இடத்தில் சொல்லின்றித் தயங்குகிறார்கள். ஆங்கிலத்தில் 'gene regulation' எனப்படும் இதற்குக் 'கட்டுப்பாடு', 'ஒழுங்குபடுத்தல்', 'நெறிப்படுத்தல்' ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. நான் 'முறைவைப்பு' என்பதை முன்மொழிகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். தைலேரியா அனுலேட்டா, ஹையலோமா உண்ணியின் எச்சிலோடு மாட்டின் உடலில் இறங்கி, வெள்ளையணுவுக்குள் புகுந்து சைசான்ட் என்னும் பல உட்கருப் பருவம் ஆகிறது. அந்த அணுவைப் புற்றணு போலப் பெருகவைத்து, அது பிரியும்போதெல்லாம் தானும் உடன்பிரிந்து இரண்டு சேயணுக்களுக்கும் சென்றுவிடுகிறது. பின்னர் மீரோசாயிட்டுகள் என்னும் சிற்றணுக்களாக வெளிவந்து சிவப்பணுக்களில் குடியேறுகிறது. இரத்தம் உறிஞ்சிய உண்ணியின் குடலில் ஆண், பெண் பாலணுக்களாகிக் கூடி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, மாட்டைத் தொற்றும் பருவமான ஸ்போரோசாயிட் ஆகிறது. 2005இல் வெளியான இதன் மரபணுத்தொகுதியில், நான்கு குரோமோசோம்களில் ஏறத்தாழ 3,800 மரபணுக்களே உள்ளன. எல்லாப் பருவத்துக்கும் இந்த ஒரே தொகுதிதான். எந்த மரபணு எப்போது, எவ்வளவு வெளிப்படுகிறது, அதாவது இயங்கிப் புரதம் ஆக்குகிறது, என்பதே மாறுகிறது. ஆய்வகத்தில் சைசான்ட் தாங்கிய அணுக்களை 37 டிகிரி செல்சியஸிலிருந்து 41 டிகிரிக்கு மாற்றி வளர்த்தால், சில நாட்களில் மீரோசாயிட் ஆக்கம் தொடங்குகிறது. அதன் மேற்பரப்புப் புரதத்துக்குரிய மரபணுவின் வெளிப்பாடும் உயர்கிறது.

இதைக் 'கட்டுப்பாடு' என்றால் அடக்கிவைத்தல் மட்டுமே மனத்தில் நிற்கும். 'ஒழுங்குபடுத்தல்', முன்பு குலைந்துகிடந்ததைச் சீர்செய்வது போலத் தொனிக்கிறது. 'நெறிப்படுத்தல்' நல்ல சொல்தான். ஆனால் இந்நோயில் நிணநீர்க் கணுக்கள் வீங்குவதை மாட்டுக்காரர்கள் 'நெறி கட்டியிருக்கிறது' என்பார்கள். நோய்க்குறியை ஒரு பத்தியிலும் மரபணுவை அடுத்த பத்தியிலும் பேசும் கட்டுரையில் இவ்விரண்டு நெறிகளும் மோதும்.

பேரணையில் பிரிந்து கள்ளந்திரி வழியாக மேலூர்ப் பக்கம் செல்லும் பெரியாறு கால்வாயில், நீர் போதாத காலங்களில் 'முறை வைத்து' விடுகிறார்கள். எந்த மடை திறக்கும், எது அடைபடும், எத்தனை நாள், எவ்வளவு நீர் என்ற அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஆகவே, 'முறை என்பது வரிசையை மட்டுமே குறிக்கும், அளவைக் குறிக்காது' என்ற மறுப்பை என்னால் ஏற்க இயலவில்லை. உறவுமுறை வைத்து அழைக்கும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு என்பது உண்மையே. 'மரபணு' முன்னால் நிற்கும்போது அந்த மயக்கம் எழாது.

வழிச்சொற்களும் எளிதில் அமைகின்றன. மரபணுவுக்கு முன்புள்ள டி.என்.ஏ. பகுதியைப் பற்றிக்கொண்டு படியெடுத்தலை (மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்படுவதை) கூட்டவோ குறைக்கவோ செய்வது 'முறைவைப்புப் புரதம்'. அது பற்றும் இடம் 'முறைவைப்புப் பகுதி'. தைலேரியாவில் இவ்வகைப் புரதங்களுள் முதன்மையானவை, தாவரங்களின் ஏ.பி.2 புரதங்களை ஒத்த குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் சில, சைசான்ட் மீரோசாயிட்டாக மாறும் வேளையில் கூடுதலாக வெளிப்படுகின்றன. இந்நிகழ்வு முழுவதையும் 'பருவமாற்ற முறைவைப்பு' எனலாம்.

டி.என்.ஏ. இழை தன்னைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் மெத்தில் தொகுதி என்னும் சிறு வேதிக்குறி ஏறுவதும் இப்பருவமாற்றத்தில் பங்குகொள்கிறது. டி.என்.ஏ.வின் எழுத்துத் தொடர் மாறாமலே வெளிப்பாட்டை மாற்றும் இச்செயலை முறைவைப்பின் ஒரு வகையாகக் கொள்ளாமல், 'மேற்குறியிடல்' எனத் தனியே வழங்குவதே தெளிவு என்பது என் கருத்து. புரதம் பற்றுவதும் குறி ஏறுவதும் வெவ்வேறு வேலைகள்.