புதுப்பிப்பு: கல்யாண வீடியோவுக்கு ஃப்ளூயிட் மோனோபாட்

மண்டபக் கூட்டத்தில் ட்ரைபாட் (முக்கால் ஸ்டாண்ட்) விரிக்க இடமில்லை, கேமரா ஆடாமல் கையில் பிடித்து எடுக்கும் கிம்பலைப் பிடித்தே கை ஓய்கிறது, மோனோபாட் (ஒற்றைக் கால் ஸ்டாண்ட்) சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் வாங்கச் சொன்னீர்கள், வாங்கிவிட்டேன், ரொம்ப நன்றி.

அடியில் மூன்று குட்டிக் கால்கள், அதற்கு மேலே ஃப்ளூயிட் மூட்டு. கேமராவைத் திருப்பும்போது அந்த மூட்டு சீரான எதிர்ப்பு கொடுப்பதால் பேன் (இடவலமாகத் திருப்புவது) வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. மேலே கேமரா உட்காரும் ஹெட்டின் பேனைப் பூட்டிவிட்டு தண்டோடு சேர்த்துத் திருப்புங்கள், ஹெட்டை டில்ட்டுக்கு (மேலும் கீழும் சாய்ப்பதற்கு) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது, தண்டை மெதுவாக முன்னால் சாய்த்தால் ஸ்லைடரில் (கேமராவை வழுக்கி நகர்த்தும் தண்டவாளம்) எடுத்த மாதிரி ஒரு சின்ன நகர்வு கிடைப்பதுதான். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் எழுந்து நின்றால் லிவரைத் தட்டித் தண்டை உயர்த்திக்கொள்ளலாம், அந்தச் சில நொடிகளுக்காகவே இதை வாங்கலாம்.

ஆனால் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸில் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருக்கும், ஆட்டத்தைக் குறைக்கும் லென்ஸ் ஸ்டெபிலைசேஷனை அணைக்காதீர்கள். பலகை மேடையில் ஊன்றினால், யாராவது நடக்கும் அதிர்வு அப்படியே ஃபிரேமுக்கு வந்துவிடுகிறது, அதனால் கீழே தரையில் நின்றே எடுக்கிறேன். கையை விட்டால் சாய்ந்துவிடும், அது ட்ரைபாட் இல்லை.

அப்புறம், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி நடந்துகொண்டே எடுப்பதற்கு கிம்பல்தான், அதை விற்கப்போவதில்லை.