புதுப்பிப்பு: ஃபைல்பேர்டு போட்டாச்சு, படங்கள் ஒரு வழிக்கு வந்தன

மதுரைப் பக்கம் யானைமலை, கீழக்குயில்குடி, அழகர்கோவில் என்று எடுத்த படமெல்லாம் என் வேர்ட்பிரஸ் தளத்தில், ஏற்றிய படங்கள் சேரும் மீடியா லைப்ரரியில் ஒரே குவியலாகக் கிடக்கிறது, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. படங்களை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரிக்க உதவும் ஃபைல்பேர்டு என்ற பிளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டேன். இன்ஸ்டால், ஆக்டிவேட், அவ்வளவுதான். மீடியா பக்கத்தின் இடது ஓரத்தில் ஃபோல்டர் பட்டியல் வந்துவிடுகிறது, படத்தைப் பிடித்து இழுத்து உள்ளே விட வேண்டியதுதான். கீழக்குயில்குடி ஃபோல்டருக்குள்ளேயே அங்குள்ள செட்டிப்புடவு தனி, பேச்சிப்பள்ளம் தனி என்று உள் ஃபோல்டரும் போட்டு வைத்திருக்கிறேன்.

படத்தை நகர்த்தினால் பழைய பக்கங்களில் லிங்க் உடையும் என்று ஒருவர் பயமுறுத்தியிருந்தார். உடையாது. ஃபோல்டர் விவரம் டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கிறது, ஃபைல் சர்வரின் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் வருடம், மாதம் என்று இருந்த அதே இடத்திலேயே கிடக்கும், யூஆர்எல்லும் மாறாது. அதனாலேயே எஃப்டிபியில் (சர்வர் ஃபைல்களை நேரே பார்க்கும் வழி) போய்த் தேடினால் இந்த ஃபோல்டர்கள் கண்ணில் படாது, பிளகினை நிறுத்தினால் மறுபடி குவியல்தான்.

அப்புறம், சர்வரில் இடம் மிச்சமாகும் என்று நம்பி யாரும் இதைப் போட வேண்டாம். பெரிய படம் ஒன்றை ஏற்றினால் வேர்ட்பிரஸ் 150, 300, 768, 1024 பிக்சல் என்று சின்ன நகல்களாகக் குட்டி போட்டுக்கொண்டே போகும், 2560-ஐத் தாண்டினால் ‘ஸ்கேல்டு’ என்று சுருக்கிய நகல் இன்னொன்று வேறு. ஏற்றும் முன்பே சுருக்கிவிடுங்கள்.