4.88 போட்டு மூணு தடவை கழட்டுன கதை, டிஃபரன்ஷியல் ரேஷியோ மாத்துனவங்க உங்க அனுபவமும் போடுங்க

சொல்லணும் சொல்லணும்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், இப்ப பின் ஆக்ஸில் முடிஞ்சிருச்சு, கையில கிரீஸ் வாடை போறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

வண்டி 6 சிலிண்டர் பெட்ரோல், 5 ஸ்பீடு மேனுவல், முன்னாடி பின்னாடி ரெண்டுமே சாலிட் ஆக்ஸில். வரும்போது 31 இன்ச் டயர், 3.73 கியர் (அது தான் டிஃபரன்ஷியல் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த, கியர்பாக்ஸ் பக்கத்துல இருந்து ஆக்ஸிலுக்கு வர்ற ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்தணும்). 35 இன்ச் மாட்டுன அன்னைக்கு பாக்க சும்மா கம்பீரமா நின்னுச்சு, ஓட்டிப் பாத்தா கிழட்டு எருமை மாதிரி நகருது. 5வது கியர்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சு, லேசா ஏத்தம் வந்தா 4, எதிர்காத்து அடிச்சா 3. இதுகூட பொறுத்துக்கலாம், கல்லு மேல ஏறும்போது 1வது கியரே வேகமா இருக்கு, அதனால கிளட்ச்ச பாதி மிதிச்சு மிதிச்சு ஏத்தி, ஒரே நாள்ல ரெண்டு தடவை கிளட்ச் கருகுற வாடை வந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கியர் மாத்தாம இந்த டயர் வேஸ்ட்டுன்னு.

கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. 35ஐ 31ஆல வகுத்தா 1.13 கிட்ட வரும், அதை 3.73ஆல பெருக்குனா 4.21. அதாவது 4.21 போட்டாதான் பழைய வண்டி மாதிரி ஆகும், ஆனா டயரும் ரிம்மும் பழசை விட எவ்வளவு கனம், அதோட இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் சேந்திருக்கு, அதனால 4.21ல நின்னா பத்தாது, அடுத்த படி 4.56 இல்லன்னா 4.88. 100 கிமீ வேகத்துல 5வது கியர்ல ஆர்பிஎம் போட்டுப் பாத்தேன் (என் பாக்ஸ்ல 5வது 0.78): 31 இன்ச்ல 3.73க்கு 1960 வந்துட்டு இருந்தது, 35 மாட்டுனதும் 1740க்கு இறங்கிருச்சு, 4.56 போட்டா 2120, 4.88 போட்டா 2270. நான் நெடுஞ்சாலையில ஓட்டுறது கம்மி, கல்லுலயும் மணல்லயும் தான் அதிகம், அதனால 4.88. லோ ரேஞ்ச்ல (கல்லு, மணலுக்கான மெதுவான 4x4 கியர்) 1வது கியர்ல மொத்த குறைப்பு முன்னாடி 40 சொச்சம், இப்ப 53. தினமும் நெடுந்தூரம் ஓட்டுற ஆளா இருந்தா நானே 4.56 தான் சொல்லுவேன், இதுல வீம்பு வேணாம். 4.88ல பினியனுக்கு (ஷாஃப்ட் பக்கம் இருக்குற சின்ன பல்சக்கரம்) 8 பல்லு, க்ரௌனுக்கு (அது சுத்துற பெரிய பல்சக்கரம்) 39. 3.73ல பினியனுக்கு 11 பல்லு, க்ரௌனுக்கு 41. பல்லு குறைய குறைய பினியன் தலை சின்னதாகுது, அந்த அளவுக்கு பலமும் குறையுது, இது யாரும் முதல்ல சொல்ல மாட்டாங்க.

முதல் ஷாக் பெட்டி பிரிச்சப்ப. பினியன் சின்னதானா க்ரௌன் வீல் அதுக்கிட்ட தள்ளி வரணும்ல, அதனால சில ஆக்ஸில்ல ஒரு குறிப்பிட்ட ரேஷியோவுக்கு மேல போனா க்ரௌன் உக்கார்ற கேரியரே வேற. என் பின் ஆக்ஸில் டானா 44ங்குற மாடல், அதுல 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92ல இருந்து வேற கேரியர். முன்னாடி டானா 30, அதுல 3.73லயே அடுத்த கேரியர் வந்துடுது, அதனால அங்க பழசே போதும். நான் ரெண்டுக்கும் கியர் மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு பெருமையா உக்காந்திருந்தேன். பழைய கேரியரையே வச்சுக்குற மாதிரி தடிச்ச க்ரௌன் கிடைக்கும், ஆனா எப்படியும் ஒரு நாள் லாக்கர் (ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா பூட்டி சுத்த வைக்கிறது) போடணும்னு இருந்ததால கேரியருக்கு பதிலா லாக்கரே வாங்கிட்டேன். அதுக்கு காத்திருந்தது தனிக்கதை.

இப்ப மெயின் மேட்டர். கியர் மாட்டுறது கஷ்டமே இல்ல, மாட்டுன ரெண்டு பல்லும் எங்க முட்டுதுன்னு பாத்து சரி பண்றது தான் மொத்த வேலையும். மஞ்சள் பெயிண்ட் ஒரு சின்ன டப்பாவுல வரும், க்ரௌன்ல நாலஞ்சு பல்லுல ரெண்டு பக்கமும் பூசிட்டு, க்ரௌனை ஒருத்தர் கட்டையால அழுத்திப் பிடிக்க இன்னொருத்தர் பினியனை சுத்தணும், முன்னாடியும் பின்னாடியும். அப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்தா பெயிண்ட் விலகி ஒரு நீள்வட்டமா தடம் தெரியும். அது பல்லோட மேல்விளிம்புலயும் இல்லாம அடியிலயும் இல்லாம நடுவுல இருக்கணும். அடியில இறங்கி இருந்தா பினியன் ரொம்ப உள்ள போயிருக்கு, ஷிம்மை (பினியனை முன்ன பின்ன நகர்த்த வைக்கிற மெல்லிசு தகடு) குறைக்கணும். மேல்விளிம்புல இருந்தா பினியன் எட்டலை, ஷிம் கூட்டணும். 0.05 மிமீ மாத்துனாலே தடம் நகர்றது கண்ணுல தெரியுது, நம்பவே முடியல.

முதல் தடவை தோத்தது க்ரஷ் ஸ்லீவ்ல. ரெண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவுல இருக்குற அந்த மெல்லிசு குழாய், நட்டை இறுக்க இறுக்க நசுங்கி பேரிங்ல சரியான இறுக்கம் குடுக்கணும். அது நசுங்க ஆரம்பிக்கவே நாலடி பைப் போட்டு ரெண்டு பேர் தொங்கணும், நசுங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இம்மி அளவு திருப்புனாலே போதும். நான் நட்டு நகரவே இல்லையேங்குற கடுப்புல இன்னொரு இழுப்பு இழுத்தேன், இன்ச் பவுண்ட் ரெஞ்சுல பாத்தா வேண்டியதுக்கு டபுள். சரி லேசா நட்டை தளர்த்திக்கலாம்னு தோணுச்சு பாருங்க, அங்க தான் முட்டாளானேன், தளர்த்துனா ஸ்லீவ் திரும்பி நீளாது, அப்படியே விட்டா நட்டு ரோட்டுல கழண்டு வரும். புது ஸ்லீவ், புது நட்டு, எல்லாம் முதல்ல இருந்து.

ரெண்டாவது தடவை மாட்டி ஓட்டிட்டேன். ஆக்சிலரேட்டர் மிதிச்சா அமைதி, 70ல கால எடுத்தா பின்னாடி இருந்து உய்ய்ய்ங்னு ஒரு ஊளை. ரேடியோ சத்தத்த கூட்டி வச்சு ரெண்டு நாள் என்னையே ஏமாத்திக்கிட்டேன். அப்புறம் கவர் கழட்டி பெயிண்ட் பூசினா, வண்டி இழுக்கும்போது முட்டுற பக்கம் ஓரளவு நடுவுல இருக்கு, கால எடுக்கும்போது முட்டுற பக்கம் அடியில போய் ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் முதல்ல பாத்தப்ப ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு செல்ஃபி எடுத்துட்டு மூடிட்டேன், அவ்வளவுதான் தப்பு. 0.08 மிமீ ஷிம் எடுத்தேன், பினியன் விலகுனதால பேக்லாஷ் (ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) கூடிருச்சு, க்ரௌனை அதுக்கு ஏத்த மாதிரி தள்ளி டயல் கேஜ்ல 0.18 மிமீக்கு கொண்டு வந்தேன் (எனக்கு குடுத்த வரம்பு 0.15ல இருந்து 0.25). மூணாவது தடவை ஊளை இல்ல. இன்னும் முன் ஆக்ஸில் பாக்கி இருக்கு, அதுவரைக்கும் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டை கழட்டி ஓரமா போட்டு வச்சிருக்கேன்.

*

அண்ணே, ஷாஃப்டை கழட்டி வச்சீங்க பாருங்க, அது ரொம்ப நல்ல காரியம். நான் பட்டது கேளுங்க.

செகண்ட் ஹேண்டா ஒரு வண்டி வாங்குனேன், பின் கவர் போல்ட்ல தகரத் துண்டு தொங்குது, 4.10னு போட்டிருக்கு, சரி ரெண்டுமே 4.10 தான்னு நம்பிட்டேன். சேத்துல 4x4 போட்டு ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியல. ஒரு நாள் சேத்துல இருந்து காஞ்ச தரைக்கு ஏறுனேன், வண்டி யாரோ பிரேக் பிடிச்ச மாதிரி இறுகுது, ஸ்டியரிங் திருப்ப விடல, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவைய பிரிச்சு அனுப்புற பெட்டி) லிவர் 2ஹெச்சுக்கு, அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்குற நிலைக்கு, வரவே மாட்டேங்குது, ரெண்டு கையால இழுத்தா டம்முனு ஒரு சத்தம், நான் ஏதோ உடைஞ்சிருச்சுன்னே நினைச்சேன். ரிவர்ஸ்ல கொஞ்சம் தள்ளுனதும் தான் லிவர் விட்டுச்சு.

ஜாக்கி போட்டு எண்ணிப் பாத்தேன். ஒரு பக்க சக்கரத்த மட்டும் தூக்கி, இன்னொண்ணு தரையிலயே இருக்கட்டும், கியர் நியூட்ரல், தூக்குன சக்கரத்த சரியா ரெண்டு சுத்து சுத்துனா ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அது தான் ரேஷியோ, சாதா டிஃபரன்ஷியலுக்கு இது. லாக்கர் இருந்தா ரெண்டையும் தூக்கி ஒரே சுத்து. ஷாஃப்ட்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்கிட்டா எண்ண சுலபம். பின்னாடி நாலு சுத்துக்கு மேல லேசா, முன்னாடி நாலரை. அதாவது முன்னாடி 4.56! யாரோ முன் ஆக்ஸில வேற வண்டியில இருந்து கொண்டு வந்து மாட்டி வித்துட்டாங்க. 11 சதவீத வித்தியாசம், ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல ரெண்டு ஷாஃப்டும் ஒண்ணா பூட்டிக்கிட்டப்புறம் ஏதாவது ஒரு டயர் வழுக்கியே ஆகணும், காஞ்ச தரையில எங்க வழுக்கும், அந்த முறுக்கு முழுக்க செயின்லயும் கியர்லயும் தான் ஏறும். தகரத்த நம்பாதீங்க, எண்ணுங்க.

*

எனக்கு இது தான் பொழப்பு, அதனால கொஞ்சம் காரமா சொல்றேன், கோச்சுக்காதீங்க.

வர்ற வண்டியில பாதி, வீட்ல பாதி பிரிச்சுட்டு டப்பாவுல போட்டு கொண்டு வர்றது தான். பேரிங் கேப் ரெண்டும் கலந்து கிடக்கும், எது இடது எது வலது எது தலைகீழ் ஒண்ணும் தெரியாது. அது ஹவுசிங்கோட சேத்து கடைஞ்சது, மாத்திப் போட்டா பேரிங் வட்டமாவே உக்காராது. கழட்டுறதுக்கு முன்னாடி சென்டர் பஞ்ச்ல ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி குத்தி வைங்க, ஒரு நிமிஷ வேலை. பழைய ஷிம்மையும் தூக்கிப் போடாதீங்க, அளந்து எழுதி வைங்க, அதுல இருந்து தான் ஆரம்பிக்கணும்.

க்ரௌனும் பினியனும் ஜோடியா உரசி ஜோடியா நம்பர் குத்தி வர்றது. ஒண்ணுல ரெண்டு பல்லு போச்சு, அத மட்டும் எங்கயாவது கிடைக்குமான்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. கிடைக்காது, கிடைச்சாலும் கத்தும்.

க்ரௌன் உக்கார்ற முகத்துல ஒரு சின்ன பிசிறு இருந்தாலும் அது ஆடும், சரியா அரைச்ச பட்டை அரத்தால லேசா ஒரு தடவு தடவி துடைச்சுட்டு மாட்டுங்க. போல்ட்டுக்கு சிவப்பு த்ரெட் லாக்கர், எதிரெதிரா இறுக்கணும். சில க்ரௌன் போல்ட் இடது மரை, அது தெரியாம பைப் போட்டு போல்ட் தலைய முறிச்சவங்களயும் பாத்திருக்கேன்.

அப்புறம் புது கியர பக்குவப்படுத்துறது. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய் வலிக்க சொல்றேன், முதல் நாள் 15, 20 நிமிஷம் மெதுவா ஓட்டு, நிறுத்து, தொட்டுப் பாக்கற சூடு வர்ற வரைக்கும் ஆற விடு, மறுபடி ஓட்டு, 800 கிமீ வரைக்கும் பாரம் இழுக்காத, அப்புறம் ஆயில மாத்து. ஒருத்தர் தலைய ஆட்டிட்டுப் போய் அன்னைக்கு சாயங்காலமே ட்ரெய்லர் கட்டி மலை ஏத்துனார். திரும்பி வந்தப்ப கவர் கழட்டினேன், பல்லு முழுக்க நீலம் பாஞ்சு கிடக்கு, ஆயில் கருகல் வாடை மூக்க அறுக்குது. பல்லு பல்லு மேல உருளுறது மட்டும் இல்ல, பினியன் க்ரௌனோட நடுவுக்கு கீழ தள்ளி இருக்குறதால வழுக்கிக்கிட்டே போகும், அதனால தான் ஜிஎல்-5ங்குற, அழுத்தம் தாங்குற கியர் ஆயில் கேக்குது, அதனால தான் புதுசுல அவ்வளவு சூடு. அவர் என்னைத் தான் குத்தம் சொன்னார், அது வேற.

*

சின்ன விஷயம் ஒண்ணு, யாரும் சொல்லலையே. ஸ்பீடோமீட்டர் பாத்துக்கோங்க. 31ல இருந்து 35க்கு போனா மீட்டர்ல 100 காட்டும்போது நெஜமா 113 ஓடுறீங்க. கியர் மாத்துனா என்ன ஆகும்ங்குறது சென்சார் எங்க இருக்குங்குறத பொறுத்தது, ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து எடுக்குற பழைய வண்டின்னா அங்க இருக்குற குட்டி பிளாஸ்டிக் கியர மாத்தணும், சக்கரத்து ஏபிஎஸ் சென்சார்ல இருந்து எடுக்குற வண்டின்னா கியர் ரேஷியோ மீட்டர தொடவே தொடாது, டயர் சைஸ் மட்டும் தான். என்னோடது ஆட்டோமேட்டிக், கம்ப்யூட்டருக்கு புது ரேஷியோவ சொல்லாம ஓட்டி, அது பாட்டுக்கு கண்ட நேரத்துல கியர் மாத்தி மாத்தி பைத்தியம் பிடிக்க வச்சிருச்சு.

*

டொயோட்டா ஆளுங்க குடுத்து வச்சவங்கன்னு சொல்லிட்டுப் போறேன். பின் ஆக்ஸில்ல தேர்ட் மெம்பர் (க்ரௌனும் பினியனும் சேந்த தொகுப்பு) மொத்தமா முன்னாடி பக்கமா கழண்டு வரும், ஆக்ஸில் ஷாஃப்ட் ரெண்டையும் உருவிட்டு அப்படியே தூக்கி மேசை மேல வச்சு நிமிந்து நின்னு வேலை பாக்கலாம், இல்ல ஏற்கனவே செட் பண்ணதா ஒண்ணு வாங்கி மாட்டிட்டு சாயங்காலமே ஓட்டலாம். கனம் மட்டும் கால்ல விழுந்தா தெரியும்.

சுசுகி சாமுராய் வச்சிருக்கவங்க டிஃபரன்ஷியல தொடவே வேணாம், அதோட ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்ச்லயே 1.409 குறைக்குது, அதுக்குள்ள இருக்குற கியர மாத்துனா ஹை, லோ ரெண்டும் சேந்து இறங்கும், ரெண்டு ஆக்ஸிலயும் பிரிக்கிற வேலை மிச்சம்.

*

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணே, நீங்க திட்டுனதுல பாதி எனக்குன்னு தெரியுது. கேப்ல புள்ளி குத்தினேன், அது மட்டும் சரியா பண்ணேன்.

800 கிமீ முடிஞ்சு நேத்து ஆயில் இறக்கினேன். மேக்னெட்ல சாம்பல் கலர்ல மாவு மாதிரி ஒரு பூச்சு, விரல்ல தேச்சா வழுவழுன்னு இருக்கு, துண்டு துணுக்கு எதுவும் கையில தட்டல. ஆயில்ல லேசா வெள்ளி மினுமினுப்பு. கவர் திறந்தது திறந்தாச்சுன்னு மறுபடி பெயிண்ட் பூசிப் பாத்தேன், இந்த தடவை ரெண்டு பக்கமும்.

ஞாயித்துக்கிழமை முன் ஆக்ஸில். க்ரஷ் ஸ்லீவ் மட்டும் மூணு வாங்கி வச்சிருக்கேன்.